கட்டடத்துக்கு எதற்குத் தணிக்கை?

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஓர் அறிவிப்பு: ‘கட்டமைப்புத் தணிக்கை நடைபெறுகிறது’. பேத்தியை அழைத்துப்போக வந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, “யாராவது பணத்துல கைய வச்சிட்டாங்களா தம்பி?” என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தணிக்கை என்றால் நமக்கு ஒன்று கணக்கு, இல்லையென்றால் சினிமா.

‘ஸ்ட்ரக்சரல் ஆடிட்’ என்ற ஆங்கிலத்தைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆடிட் என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘கேட்டல்’ என்று வேர்ப்பொருள். அந்தக் காலத்தில் கணக்கை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் கேட்டுச் சரிபார்த்தார். ஆங்கிலத்தில் அது பிறகு கட்டடம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் பரவியது. தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ என்று தணிக்கையின் உறவுச் சொற்களும் பொதுவான சோதனை, விசாரணைக்கு வழங்குகின்றன. தமிழில் அது பெரும்பாலும் ஏட்டோடும் படச்சுருளோடும் நின்றுவிட்டது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளருக்கு இது ஏன் உறைக்கவில்லை?

ஏட்டைப் பார்ப்பவர் செய்யும் வேலையா இது? அன்று பொறியாளர் ஏணியில் ஏறி, வகுப்பறைக் கூரையின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ‘டங் டங்’ என்று வந்த சத்தம் ஜன்னலோரம் ‘பொத்’தென்று மாறியது. உடனே அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார். உள்ளே கம்பி துருவேறி உப்பி, காங்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது என்றார்.

‘உறுதி ஆய்வு’ என்கிறார்கள் சிலர். ‘கட்டட உறுதிச் சான்று’ பள்ளிகளில் ஏற்கெனவே புழங்குவதால் அது தணிக்கையைவிட எவ்வளவோ மேல். ஆனால் உறுதி ஒரு பகுதிதான். ஒழுகும் தளம், அடைத்த வடிகால், இற்றுப்போன மின்கம்பி, இவையும் பார்க்க வேண்டியவை. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் 3 மாணவர்கள் இறந்தது வகுப்பறை இடிந்து இல்லை, கழிப்பறைச் சுவர் இடிந்து. அதையும் சேர்த்துப் பார் என்று சொல்லுகிற சொல் வேண்டும். அதனால் ‘கட்டட நிலை ஆய்வு’ என்பேன்.

ஆய்வு என்றால் ஆட்சியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதும்தானே என்று கேட்கலாம். சரிதான். முன்னால் ‘நிலை’ வந்ததும் எதைப் பார்க்கிறார்கள் என்பது தெளிந்துவிடுகிறது. பெரியவரிடம், “கட்டடம் எந்த நிலைல இருக்குன்னு பாக்குறாங்க ஐயா” என்றுதான் சொன்னேன். “அப்ப பின்னாடி இருக்குற தண்ணித் தொட்டியையும் பாக்கச் சொல்லுங்க” என்றார்.