ரெண்டு நாஸ் இருக்கு சரி, பேக்கப் இருக்கா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஃபோன் வந்தது. கோவையில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவின் உரிமையாளர். முந்தின நாள் சாயங்காலம் எடிட்டிங் பையன், நாஸில் (எல்லாரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும், டிஸ்க்குகள் அடங்கிய சேமிப்புப் பெட்டி) இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களைக் கழித்திருக்கிறான். ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகாத ஒரு கல்யாணமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. இடம் வேண்டும் என்றுதானே அழித்தான், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டான். ஆனால் உரிமையாளர் குரலில் பதற்றமே இல்லை. "அந்த இன்னொரு பொட்டியில இருக்குமுங்களே, அதுல இருந்து எடுத்துக் குடுங்க" என்றார்.

அந்த இன்னொரு பெட்டியை மாட்டியது நான்தான். தினமும் இரவு ஒரு மணிக்கு முதல் நாஸில் இருப்பது அப்படியே இரண்டாவதிலும் இருக்க வேண்டும் என்று அமைத்ததும் நான்தான். அது சொன்ன வேலையைப் பிசகாமல் செய்திருந்தது. முதல் பெட்டியில் இல்லாத ஃபோல்டர் இங்கே மட்டும் எதற்கு என்று அதையும் அழித்திருந்தது. என்ன செய்தது என்று அது எழுதிவைக்கும் பதிவை, அதாவது லாக்கைத் திறந்தால் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு முன்னாலும் 'டிலீட்டிங்' என்ற சொல், பக்கம் பக்கமாக. கேமரா கார்டுகள் அதற்குள் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டன. ஆல்பம் வடிவமைப்பவரிடம் தேர்வு செய்து கொடுத்திருந்த படங்கள், அதுவும் அளவு குறைத்தவை, கிடைத்தன. அதை வைத்துச் சமாளித்தார்கள். அந்த வருடம் அவரிடம் சர்வீஸ் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாஸுக்குள் நாலு டிஸ்க் போட்டு அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்ட் அமைத்தால், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, அவ்வளவுதான். அது பேக்கப் இல்லை என்று இப்போது பலருக்கும் தெரிகிறது. ஆனால் இரண்டாவது நாஸ் வாங்கியவுடன் அதே தப்பை ஒரு படி மேலே போய்ச் செய்கிறோம். இரண்டு பெட்டியும் சிங்க் ஆகிக்கொண்டே இருந்தால் அது கண்ணாடி. இங்கே முகத்தில் கரி பட்டால் அங்கேயும் கரிதான். நேற்றும் போன வாரமும் போன மாதமும் எப்படி இருந்ததோ அதைத் தனித்தனியாக எடுத்துக் கொடுக்க முடிந்தால்தான் அதைப் பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்வேன்.

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சினாலஜி கம்பெனி நாஸ் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ஹைப்பர் பேக்கப் என்ற செயலி இருக்கிறது. வாங்கியது பிடிஆர்எஃப்எஸ் என்ற டிஸ்க் வடிவத்தை ஏற்கும் மாடல் என்றால், அந்தந்த நேரத்து நிலையைப் படம் பிடித்தது போல அடுத்த பெட்டிக்கு அனுப்பும் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷனும் உண்டு. கியூநாப் கம்பெனி பெட்டியில் ஹைப்ரிட் பேக்கப் சிங்க். இரண்டு பெட்டியும் வேறு வேறு கம்பெனி என்றால் இருவருக்கும் தெரிந்த பொது மொழி ஆர்சிங்க். 1996இல் வந்த அந்தச் சின்னக் கருவிதான் இன்றைக்கும் பல நாஸ்களில் இந்த வேலையைச் சத்தமில்லாமல் பார்க்கிறது. ஆர்சிங்க் தானாகப் பழைய பதிப்பு வைக்காது. மற்றவற்றில் 'எத்தனை பழைய பதிப்பு வைத்திருக்க வேண்டும்' என்று கேட்கும் அந்த ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் பொதுவாக 30 நாளுக்குத் தினசரி, ஆறு மாதத்துக்கு வாராந்திரம் என்று வைக்கிறேன். மாறாத படங்கள் திரும்பத் திரும்ப இடம் பிடிக்காது என்பதால் பயந்த அளவுக்கு டிஸ்க் நிறையாது.

ஆர்சிங்க் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒன்று. முதல் பெட்டியின் டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுன்ட் ஆகாமல், அதாவது சிஸ்டத்தோடு இணையாமல் போனால் அந்த ஃபோல்டர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. 'டிலீட்' ஆப்ஷன் போட்டிருந்தால் ஆர்சிங்க் அந்த வெறுமையையும் உண்மையென்று நம்பி இரண்டாவது பெட்டியைத் துடைத்துவிடும். 'மேக்ஸ் டிலீட்' என்று ஒரு வரம்பு உண்டு. அதைப் போட்டுவையுங்கள். முதல் தடவை 'ட்ரை ரன்', அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை, ஓட்டிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அடுத்து, யார் யாரிடம் போகிறார்கள் என்பது. வழக்கமாக முதல் பெட்டிதான் இரண்டாவதற்கு அனுப்பும். அப்படியென்றால் இரண்டாவதன் பாஸ்வேர்டு முதல் பெட்டியில் இருக்கிறது. முதலுக்குள் புகுந்தவனுக்கு இரண்டாவதும் கிடைத்துவிடும். நான் இப்போதெல்லாம் திருப்பிப் போடுகிறேன். இரண்டாவது பெட்டி வந்து, படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கில் நுழைந்து, எடுத்துக்கொண்டு போகும். முதல் பெட்டிக்கு இரண்டாவது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற வைரஸ் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைச் செவன் ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி 0.01 பிட்காயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? மேலே சொன்ன அதே ஹைப்ரிட் பேக்கப் சிங்க் செயலியில். ஓட்டையை அடைத்த அப்டேட் வந்துவிட்டது, அந்தச் செயலியை இன்றும் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் நாஸை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைக்கும் ரவுட்டர் செட்டிங்கை எங்கே பார்த்தாலும் மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமா, விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெட்டியை வேறு இடத்தில் வைக்கச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். போய்ப் பார்த்தால் அதே மேஜையில், அதே யூபிஎஸ்ஸில், ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்த அலுவலகங்களுக்குள் வந்த தண்ணீர், இது ஒரிஜினல் இது பேக்கப் என்று பார்க்கவில்லை. ஓனர் வீட்டு மாடி அலமாரி போதும். இன்டர்நெட் வேகம் குறைவு என்பார்கள். கணக்குப் போடுவோம். 4 டெராபைட்டை ஆபீஸுக்குள் ஓடும் கிகாபிட் லேன் கேபிளில் நகலெடுக்கச் சுமார் 10 மணி நேரம். அதையே 100 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்பினால் ராப்பகலாக நாலு நாள் ஆகும். அதனால் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து முதல் நகலை முடித்து, அப்புறம் வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதன் பிறகு அன்றாடம் மாறியது மட்டும்தான் இணையத்தில் போகும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு என்று ஒரு சங்கடம் இருக்கிறது. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 'வரவேற்பு' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, நாஸுக்கு 24 பைட். பெரும்பாலான நாஸ்களுக்குள் ஓடும் லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட். சினாலஜியில் ஃபோல்டரை மட்டும் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யும் முறையில் அது 143க்கு இறங்கிவிடும். மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், ஊர், மண்டபம் என்று முழுப் பத்திரிகையையும் ஃபோல்டர் பெயராக வைக்கும் ஸ்டுடியோக்களில், விண்டோஸ் வாங்கிக்கொண்ட பெயரை நாஸ் வாங்கிக்கொள்ளாது. அந்த ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்து, லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். லாக்கை யார் படிக்கிறார்கள்?

குறியாக்கச் சாவிக் கோப்பை அதே நாஸில் வைத்திருந்த ஒரு ஆடிட்டர் அலுவலகத்தையும் பார்த்திருக்கிறேன். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. அவர்களிடமே இன்னொன்று: கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறந்திருக்கும்போது அந்த ஃபோல்டரை நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பு வந்து சேரலாம். டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை நாஸ் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அந்த ஸ்டுடியோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அந்தப் பையன் இரண்டாவது பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு பழைய கல்யாணத்தை வேறு ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்து, ஒரு படத்தைத் திறந்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. போன மாதம் ஒரு தாலி கட்டும் படம் வந்தது, கூடவே ஒரு செய்தி: "அண்ணா, இது திறக்க நாலு நிமிஷம் ஆச்சு, பரவால்லையா?" டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது டிஸ்க்கில் பேட் செக்டர், அதாவது கெட்டுப்போன இடம், ஏறிக்கொண்டிருந்தது. புதுசு ஆர்டர் போட்டாச்சு.