ஒரே மாதிரி நிற்கும் பலகையில் யார் முந்தி? ரோட்லெவி – ரூபின்ஸ்டைன், லோட்ஸ் 1907

சதுரங்கத்தில், ராணி முன்னுள்ள சிப்பாயைத் தள்ளித் தொடங்கும் ராணிச் சிப்பாய் ஓப்பனிங்குகளில் (தொடக்க ஆட்டமுறைகளில்) இரு பக்கக் காய்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்பது சகஜம். உடனே 'சமநிலை' என்று சொல்லிவிடக் கூடாது. நகர்த்தல்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

போலந்தின் லோட்ஸ் நகரில் 1907இல் நடந்த இந்த ஆட்டத்தில் வெள்ளை ரோட்லெவி, கறுப்பு அகிபா ரூபின்ஸ்டைன். டி4, டி5 (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) என்று தொடங்கி, சீக்கிரமே வெள்ளை சி4இலும் கறுப்பு சி5இலும் சிப்பாய்களை நிறுத்தினார்கள். 15ஆவது நகர்த்தலில் வெள்ளை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்தபோது இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன. ஒரே வித்தியாசம், கறுப்பின் ஒரு யானை ஏற்கெனவே டி8இல். அடுத்து ஆடுவதும் கறுப்பு! முதலில் ஆடத் தொடங்கிய வெள்ளை இரண்டு டெம்போவை, அதாவது இரண்டு நகர்த்தல் வாய்ப்பை, எங்கே தொலைத்தது?

ஒன்று ராணியில்: டி2 போய், யானைக்கு எதிரே நிற்க முடியாமல் இ2க்கு ஒதுங்கியது. கறுப்பு ராணி நேராக இ7 வந்துவிட்டது. இன்னொன்று மந்திரியில். 11ஆவது நகர்த்தலில் அது டி3க்கு வந்ததும் கறுப்பு, வெள்ளையின் சி4 சிப்பாயை வெட்டியது. மந்திரி திருப்பி வெட்ட, பி5 சிப்பாய் அதை மீண்டும் டி3க்கே விரட்டியது. ஆக மூன்று நகர்த்தல் செலவு. கறுப்பு மந்திரிக்கு சி5, டி6 என்று இரண்டே போதுமாயிருந்தது. 'நீ உன் மந்திரியை நகர்த்து, பிறகு நான் சிப்பாயை வெட்டுகிறேன்' என்று இருவரும் காத்திருப்பதுதான் இந்த ஓப்பனிங்கின் உயிர்நாடி.

பின்தங்கியிருந்தும் வெள்ளை எஃப்4, இ4, இ5 என்று சிப்பாய்களைத் தள்ளியது பெரும் பிழை. ஜி1 கட்டத்தை நோக்கிய மூலைவிட்டம் திறந்தது. பி6இலிருந்து கறுப்பு மந்திரி செக் (ராஜாவின் மீது நேரடித் தாக்குதல்). ராஜா எச்1க்கு ஓடியது. கறுப்பின் குதிரை ஜி4, ராணி எச்4 வந்ததும் எச்2இல் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) மிரட்டல். வெள்ளை ஜி3 ஆடி ராணியைத் தாக்கியது.

இப்போது இ4இல் நிற்கும் வெள்ளை மந்திரியைப் பாருங்கள். அதற்குக் காவல் இரண்டு: சி3 குதிரை, இ2 ராணி. ரூபின்ஸ்டைன் தன் ராணியை அப்படியே விட்டுவிட்டு, யானையால் சி3 குதிரையை வெட்டினார். வெள்ளையின் பி2 மந்திரி அந்த யானையை எடுத்தால், பி7 மந்திரி இ4இல் வெட்டி செக். ராணி திருப்பி வெட்டினால் எச்2இல் மேட். அதனால் ரோட்லெவி ராணியையே வெட்டினார். கறுப்பின் அடுத்த யானை டி2இல் வந்து விழுந்தது. வெள்ளை ராணி அதை எடுத்ததும் இரண்டாவது காவலும் போயிற்று. மந்திரி இ4இல் வெட்டி செக், ராணி ஜி2இல் குறுக்கே நின்று அங்கேயே கட்டுண்டது (அந்த மூலைவிட்டத்தை விட்டு விலகினால் ராஜா மாட்டும்), 25ஆவது நகர்த்தலில் யானை எச்3. ரோட்லெவி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். கட்டுண்ட ராணியால் யானையைத் தொட முடியாது. இ4 மந்திரியை எடுத்தால் எச்2இல் உடனே மேட்.