சில்லைக் கழுவுமுன் உற்றுப் பாருங்கள்

கராஜுக்கு வருகிறவர்கள் கார்ச் சில்லைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இரண்டு நாளில் மீண்டும் கறுத்துவிடுகிறது என்பது. மற்றது, காசு கொட்டி வாங்கிய அலோய் ரிம்மில் கறள் புள்ளி விழுந்துவிட்டது, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பது. விற்றவரைத் திட்ட வேண்டாம். அலோய் ரிம் அலுமினியக் கலவை. அதில் செங்கறள் பிடிக்காது. அந்தச் செம்மஞ்சள் புள்ளிகள் பிரேக்கிலிருந்து வந்த இரும்பு.

டிஸ்க் பிரேக் உள்ள கார்களில் சில்லோடு சேர்ந்து சுழலும் தட்டு வார்ப்பிரும்பு. பிரேக்கை மிதிக்கும்போது இரு பக்கமிருந்தும் பேட்கள் எனும் உராய்வுக் கட்டைகள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. ஒவ்வொரு தடவையும் பேட்டும் சிறிது தேய்கிறது, தட்டும் சிறிது தேய்கிறது. அந்தத் தூள் சுடச்சுடப் பறந்து ரிம்மில் ஒட்டுகிறது. உலர்ந்திருக்கும்வரை அது கரித்தூள்தான். உப்பும் ஈரமும் பட்டால் அதிலுள்ள இரும்புத் துகள்கள் கறள் பிடித்து, ரிம்மின் மேலுள்ள வார்னிஷ் படலத்தைக் குடைந்து உட்காரும். பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

உப்புக்கும் ஈரத்துக்கும் மட்டக்களப்பில் குறைவில்லை. கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வெளியில் நிறுத்திய காரின் மீது இரவு முழுவதும் உப்புக் காற்று படிகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் தெரு வெள்ளத்துக்குள் ஓட்டுகிறோம். கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி சேர்கிறது. மகாஓயாப் பக்கம் ஓடும் ஒரு காரையும் கல்குடாவில் ஓடும் அதே வயதுக் காரையும் லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் எது கடற்கரைக் கார் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இவற்றைவிட மோசமாகக் கெடுவது மீன் ஏற்றும் லொறிகள். பெட்டியிலிருந்து உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேராகப் பின் அச்சிலும் பிரேக் டிரம்மிலும் சொட்டுகிறது. படுவான்கரையில் உர மூட்டை ஏற்றும் கெப் வண்டிகளுக்கும் இதே கதிதான். சிந்தும் உரம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அழுக்கை எப்படிப் போக்குவது என்பது மட்டுமில்லை. அந்த அழுக்கு உங்கள் பிரேக்கின் நிலையைக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் பார்க்காமலேயே கழுவி விடுகிறோம்.

முன் சில்லுகள் இரண்டும் ஒரே அளவு கறுத்து, பின் சில்லுகள் வெளுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்வதால் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. பின்னால் டிரம் பிரேக் உள்ள கார்களில் தூள் டிரம்முக்குள்ளேயே அடைபட்டிருக்கும். அதனாலும் வெளியே சுத்தமாகத் தெரியும்.

ஆனால் ஒரு முன் சில்லு கரியாகவும் மற்ற முன் சில்லு துப்புரவாகவும் இருந்தால், கையிலுள்ள தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்துவிடுங்கள். கறுத்த பக்கத்தில், பேட்களைத் தட்டோடு அழுத்தும் கலிப்பர் இறுகியிருக்கலாம். கலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்காக இருக்கும் ஊசிகள் கறள் பிடித்தால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். இன்னொரு சாத்தியமும் உண்டு. சுத்தமாக இருக்கும் சில்லில் பிரேக்கே பிடிக்காமல் இருக்கலாம். எது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. அதிகம் பிரேக் பிடிக்காமல் ஏறாவூர்வரை ஓடிவிட்டு வந்து, ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அங்கேதான் உரசல். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது, பெற்றோல் வழக்கத்தைவிட அதிகம் செலவாவது, கருகிய வாசனை ஆகியவையும் அதே கோளாறின் அறிகுறிகள். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்குத் தீங்கு செய்யாத சிலிக்கோன் கிறீஸ் பூசினால் பல தடவை இது சிறு செலவோடு முடிந்துவிடும். இங்கே சாதாரணக் கிறீஸைப் பூசுவது தவறு, ரப்பர் ஊதி ஊசி முன்னையைவிட இறுகும். கவனிக்காமல் விட்டால் பேட், தட்டு, கலிப்பர் மூன்றையும் மாற்ற வேண்டிவரும்.

கறுப்பு உலர்ந்த தூளாக இல்லாமல் ஈரப்பசையாக, டயரின் உட்பக்கத்தில் வழிந்திருந்தால் அது வேறு விடயம். பிரேக் ஒயில் கசிகிறது, அல்லது அச்சின் ரப்பர் உறை கிழிந்து கிறீஸ் தெறிக்கிறது. பிரேக் ஒயிலாக இருந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க் தட்டு முழுவதும் செம்மஞ்சளாக இருப்பதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களும் உண்டு. அது மேலோட்டமான கறள். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாமல் குழி குழியாக நிற்கும் கறள், விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு, மிதிக்கும்போது வரும் அதிர்வு ஆகியவற்றுக்குத்தான் கராஜுக்கு வர வேண்டும். தட்டு எவ்வளவுக்கு மேல் தேயக்கூடாது என்பது பொதுவாக அந்தத் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டும்படி கேளுங்கள். பேட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றிவிடுவது நல்லது.

அக்வா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்தக் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டு செய்கிறது. பேட் கொஞ்சம்தான் தேயும், தூளும் கொஞ்சம்தான். அதனாலேயே தட்டு துடைபடாமல் கிடந்து கறள் பிடிக்கிறது. "பேட் இன்னும் புதிதாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்று வருடக்கணக்காகத் திறக்காமல் விட்ட ஹைபிரிட் கார்களில் பேட் தன் இருப்பிடத்திலேயே இறுகி அசையாமல் நிற்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவையாவது சில்லுகளைக் கழற்றிப் பிரேக்கைத் துப்புரவு செய்யுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டில் விட்டுச்செல்லும் கார்களும் இப்படியே கெடுகின்றன. நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் டிரம்முக்குள் உரசிப் பிரேக் பிடிக்கும் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

இனிக் கழுவும் விடயம். சூடான சில்லில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு இறங்கி வருகிறவர்கள், அடிவாரத்தில் புகையும் சில்லைக் குளிர்விப்பதற்காக வாளித் தண்ணீரை வீசுவதைப் பார்த்திருக்கிறேன். தட்டு கோணிப்போகும், வெடிக்கவும் கூடும். நிழலில் நிறுத்தி, தானாக ஆற விடுங்கள். அந்த இறக்கத்தில் காலை மிதியிலேயே வைத்திருக்காமல் சிறிய கியரில் வந்தால் புகையே வராது.

ஆறிய சில்லில் முதலில் வெறும் தண்ணீர், பிறகு காருக்கான சவர்க்கார நீர், மென்மையான தூரிகை. வாரம் ஒரு தடவை இவ்வளவு செய்தாலே தூள் கறளாக மாறச் சந்தர்ப்பம் கிடைக்காது. ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டால் கடைகளில் கிடைக்கும் அயன் ரிமூவரைத் தெளியுங்கள். இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாகி வழியும். நாற்றம் கொஞ்சம் மோசமாக இருக்கும். போத்தலில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குமேல் விடாமல், காய்வதற்குள் கழுவிவிடுங்கள். நம் கரையோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீரே உவர். ஆகவே கடைசியில் துணியால் ஒற்றித் துடைப்பதை விட்டுவிடாதீர்கள். பிறகு ஒரு சுற்று ஓடி, பிரேக் பிடித்துத் தட்டைக் காயவைத்த பின் நிறுத்துங்கள்.

கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தை ரிம்முக்கு ஊற்றும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. அன்றைக்குப் பளபளக்கும். சில வாரத்தில் வார்னிஷ் உரிந்து, அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்ததுபோல் அரிப்புக் கோடுகள் விழும். அதற்குப் பிறகு ரிம்மைச் சுரண்டி மறுபடி வர்ணம் பூசுவதைத் தவிர வழியில்லை. பாத்திரம் தேய்க்கும் இரும்புத் தும்பும் வேண்டாம். உடைந்த கம்பித் துண்டுகள் ரிம்மில் தங்கி அவையே கறள் பிடிக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் தட்டிலோ பேட்டிலோ பட்டால் பிரேக் வழுக்கும்.

கராஜ்களில் வேலை பழகும் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். டிரம்மைத் திறந்ததும் கொம்பிரசர் காற்றை அடித்துத் தூளைப் பறக்கவிடாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருந்தது. இன்று விற்கும் மலிவு லைனர்களில் எதில் அது இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்த இழை நுரையீரலுக்குள் போனால் நோய் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்து, துணியால் துடைத்தெடுங்கள், முகக்கவசம் அணியுங்கள். முதலாளிமார் இதை ஒரு கட்டளையாகவே வைக்க வேண்டும்.

இரும்பு ரிம் வைத்திருப்பவர்கள் கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பிறைமர் பூசி, அதன்மேல் வர்ணம் பூசலாம். அச்சோடு பொருந்தும் உட்பரப்பிலும் நட் உட்காரும் குழிகளிலும் தடிப்பாக வர்ணம் பூசாதீர்கள்; ஓட ஓட வர்ணம் நசுங்கி நட் தளரும். கறளுக்குப் பயந்து சில்லு போல்ட்டுக்கு எண்ணெய் பூசுவதும் கூடாது. எண்ணெய் பட்ட போல்ட்டில் நட் அளவுக்குமேல் இறுகி போல்ட் இழுபடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரின் கைநூலில் இருக்கும். பல டொயோட்டாக் கார்களுக்கு அது 103 நியூட்டன் மீற்றர். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்கும்படி கேளுங்கள். சில்லுகளைக் கழற்றிப் பூட்டிய பின் 100 கிலோமீற்றருக்குள் ஒரு தடவை நட்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.