சொட்டு மருந்து போட்டும் பேதி ஏன்?

"சொட்டு மருந்துதான் தவறாமப் போட்டோமே டாக்டரம்மா, அப்புறம் எப்படி?" என்று கேட்டார் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. மார்கழிக் குளிர் நேரம், குழந்தைக்குப் பதினோரு மாதம். பல் முளைக்கிற பேதிதான், குடலேத்தம் தட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லி இரண்டு நாள் போய்விட்டது. கண் உள்ளே போயிருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். குழந்தைகளுக்கு இப்படிக் கடும் பேதி தரும் வைரஸ்களில் ஒன்று ரோட்டா, அதைத் தடுக்கவும் ஒரு சொட்டு மருந்து இருக்கிறது.

நான் மதுரையில் ஆய்வகத்தில் இருக்கும் நுண்ணுயிரியல் டாக்டர். வார்டுக்குப் போனால் என் கண் டயப்பரைத்தான் தேடும், ஏனென்றால் தண்ணீராகப் போகும் பேதியை அதிலுள்ள ஜெல் உறிஞ்சிவிட்டால் எங்களுக்கு ஒரு ஸ்பூன்கூட மிஞ்சாது. அதனால் டயப்பரை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிக் கட்டச் சொல்லுவோம். "இந்த அசிங்கத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்காத அம்மாவே இல்லை. நியாயமான கேள்விதான்.

முதலில் எலைசா, அதாவது மலத்தில் ரோட்டா இருக்கிறதா என்று நிறம் மாறுவதை வைத்துச் சொல்லும் சோதனை. ரோட்டா இருந்தால் சோதனைத் தட்டின் குழியில் இருக்கும் திரவம் மஞ்சளாக மாறும். அப்புறம் வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையை வைத்து எந்த வகை என்று பார்ப்போம். வைரஸின் மேலுறையில் இருக்கும் இரண்டு புரதங்களுக்கு ஜி, பி என்று எண் போட்டுத்தான் வகை பிரிக்கிறோம். இதன் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை ரோட்டா ஒரே செல்லுக்குள் புகுந்துவிட்டால், வெளியே வருவது இதிலிருந்து நாலு துண்டு, அதிலிருந்து ஏழு துண்டு என்று எடுத்துக்கொண்டு புது ஆளாக வரலாம். நம் நாட்டில் முன்பு ஜி1 பி8தான் அதிகம், தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து வந்த பிறகு ஜி3 பி8 முன்னுக்கு வந்தது. மருந்தால்தான் மாறியது என்று சொல்லிவிட முடியாது, மருந்து வருவதற்கு முன்பும் வகைகள் மாறிக்கொண்டுதான் இருந்தன.

அப்படியானால் மருந்து வீணா? இல்லவே இல்லை. ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டு மருந்துக்கான வைரஸ் 1980களில் டெல்லியில் பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்தது, அது ஜி9 பி11. வார்டில் நாங்கள் பார்க்கும் எதோடும் அப்படியே பொருந்தாத வகை. இருந்தும் இந்தியாவில் நடந்த பரிசோதனையில் கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்கு மேல் குறைத்தது. பேதியே வராது என்று யாரும் உறுதி தரவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகாமல் காப்பதுதான் அதன் வேலை.

வகை தெரிந்தாலும் அந்தக் குழந்தையின் வைத்தியம் மாறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, 14 நாள் ஜிங்க், தாய்ப்பால் நிறுத்தாமல் இருப்பது, இவ்வளவுதான். ரோட்டாவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். ஆனால் மருந்து போட்ட குழந்தைகளே ஏதோ ஒரு வகையால் மட்டும் அதிகமாகப் படுக்கிறார்கள் என்றால், அது முதலில் தெரிவது மலம் சேகரித்து வரும் இந்த டப்பாக்களில்தான்.

அதற்கு மலம் மட்டும் போதாது, தடுப்பூசி அட்டையும் வேண்டும். "சொட்டு மருந்து போட்டாச்சு" என்று சொன்னால் அது போலியோவா ரோட்டாவா, எத்தனை தடவை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ரோட்டா மருந்து 6, 10, 14 வாரங்களில் மூன்று தடவை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மறுநாள் அட்டையைக் கொண்டுவந்தார். ரோட்டா வரிசையில் இரண்டு தேதிதான் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்ததில் மூன்றாவது விட்டுப்போயிருக்கிறது. முதல் தவணை ஒரு வயதுக்குள் போட்டிருந்தால் மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம், குழந்தை தேறியதும் புதன்கிழமை ஊர் நர்ஸிடம் அட்டையைக் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.