ட்யூப் ஆம்ப்பை நம்பவைக்கும் பெட்டி

மந்தைவெளியில் நான் குடியிருந்த ஃப்ளாட்டுக்கு நேர் மேலே ஒரு பாட்டி இருந்தார். ஒரு ஞாயிறு மாலை படியிறங்கி வந்தார். "தம்பி, நீ வாசிக்கிறது எனக்குப் பிடிக்கும்ப்பா. ஆனா சமையல்கட்டுல டம்ளர் எல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். என் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பின் வால்யூம் அப்போது இரண்டில்தான் இருந்தது. அதற்கும் கீழே இறக்கினால் சத்தத்தோடு சேர்ந்து, அந்த ஆம்ப்பை எதற்காக வாங்கினேனோ அதுவும் போய்விடும். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பில் மாட்டும் லோட் பாக்ஸ் என்றால் என்ன என்று நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதலில் பாட்டியின் பக்கத்துக் கணக்கு. கிட்டார் ஸ்பீக்கர்கள் கொஞ்சம் மின்சாரத்திலேயே உரக்கக் கத்தும்படி செய்யப்பட்டவை. 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் 100 டெசிபெல்லை ஒட்டி வரும். செலஷன் கம்பெனியின் விண்டேஜ் 30 என்ற ஸ்பீக்கருக்கு அந்தக் கம்பெனியே தரும் எண் 100. வாட் பத்து மடங்கானால் 10 டெசிபெல் ஏறும். 50 வாட் என்றால் 117. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குத் தரும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45. அந்த 117-ஐ இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் 60 டெசிபெல்லுக்கு இறக்க, மின்திறனை 5 லட்சம் மடங்கு குறைக்க வேண்டும். "50 வாட்டைக் கொடுத்துட்டு 5 வாட் ஆம்ப் வாங்கிக்கோங்க" என்று பலர் சொல்வார்கள். அதில் குறைவது வெறும் 10 டெசிபெல், காதுக்கு ஏறக்குறைய பாதி சத்தம். மேல்வீட்டு டம்ளருக்கு அது போதாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் உதவாது. கிட்டாரின் தடித்த ஈ (E) கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 4 மீட்டருக்கு மேல். அதை அட்டையோ திரைச்சீலையோ ஒன்றும் செய்யாது. தரையில் வைத்த கேபினெட்டிலிருந்து, அதாவது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து, கான்கிரீட் தளம் வழியாகவே அது ஏறிப்போய்விடும்.

சரி, வால்யூமைக் குறைத்தால் ஏன் அந்த ஒலி கிடைப்பதில்லை? ட்யூப் ஆம்ப்பில், நம் தாத்தாக்கள் வால்வு ரேடியோ என்று சொன்னார்களே அதே வால்வுகள்தான், ஒலி பல கட்டங்களில் முறுக்கேறுகிறது. முன்பகுதியின் சிறிய ட்யூப்களில் வரும் கரகரப்பு ஒரு வகை; மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப்பில் அதை மெல்லிய சத்தத்திலும் கேட்கலாம். கடைசியில் நிற்கும் பவர் ட்யூப்கள் தம் எல்லையைத் தொடும்போது வருவது வேறு வகை. ஓங்கி அடித்தால் மின்னழுத்தம் சற்றே தொய்ந்து, பிறகு மீண்டு வரும். விரல் அதை ஒரு மிருதுவான எதிர்ப்பாக உணரும். இது பவர் ட்யூப் முழுமூச்சாக உழைத்தால் மட்டுமே கிடைக்கும். உங்கள் இசைக்கு முதல் வகை போதுமென்றால் லோட் பாக்ஸுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இரண்டாம் வகை வேண்டும் என்பவர்களுக்கு உடனே தோன்றும் யோசனை ஆபத்தானது: ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டால்? என் நண்பர் ஒருவர் அப்படிச் செய்தார். பத்து நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை மறுபடி காயில் சுற்ற வேண்டியதாயிற்று.

காரணம் இது. பவர் ட்யூப்கள் 400 வோல்ட்டுக்கு மேல், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்பவை. 8 ஓம் ஸ்பீக்கருக்கோ 50 வாட்டுக்கு 20 வோல்ட்டும் இரண்டரை ஆம்பியரும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தரகர்போல் நிற்பது அந்த ட்ரான்ஸ்ஃபார்மர். அதன் சுற்றுகளின் விகிதம் 20-க்கு 1 என்றால், ஸ்பீக்கரின் 8 ஓம் ட்யூப்களின் கண்ணுக்கு 20-இன் வர்க்கமான 400 மடங்காக, அதாவது 3,200 ஓமாகத் தெரியும். அந்த எண்ணை நம்பித்தான் ட்யூப் தள்ளுகிறது. மேட்டில் எழுந்து நின்று சைக்கிள் மிதிக்கும்போது செயின் அறுந்தால் கால் எப்படித் தடாலென்று போய் இடிக்கும்? அதுபோலத்தான் ஸ்பீக்கர் இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மரும். காயிலில் சேர்ந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, காப்புப் பூச்சைத் துளைத்தோ ட்யூப் சாக்கெட்டில் பொறி பறந்தோ வெளியேறும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் இந்தப் பயம் இல்லை. அங்கே ஸ்பீக்கரைக் கழற்றலாம், ஷார்ட் ஆகத்தான் விடக்கூடாது.

ஆக, ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் வேறெதாவது இருந்தே ஆக வேண்டும். மிக எளிய விடை, ரிச்சி தெருவில் கிடைக்கும் 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அலுமினிய ஹீட் சிங்க்கில் பொருத்துவது. ஆம்ப் பழுது பார்ப்பவர்கள் மேசையில் எப்போதும் அப்படி ஒன்று இருக்கும். ஆம்ப்புக்கு அது பாதுகாப்பானதுதான். 1980-களின் தொடக்கத்தில் பாஸ்டன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரும் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த பொறியாளருமான டாம் ஷோல்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த பவர் சோக்கும் ரெசிஸ்டர்களால் ஆனதே. அது ஆம்ப்பின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். அட்டெனுவேட்டர் என்கிற வகை இது. லோட் பாக்ஸ் மிச்சம் வைக்காமல் முழுவதையும் விழுங்கிவிட்டு, சிக்னலின் சிறு நகலை மட்டும், கணினிக்கோ ஹெட்ஃபோனுக்கோ கொண்டுபோக, லைன் அவுட் என்ற துளையில் தரும்.

ஆனால் ரெசிஸ்டரில் வாசித்தால் ஒலி தட்டையாக, கம்பளியால் மூடியதுபோல் இருக்கும். பல நாள் இது மனப்பிரமை என்றே நினைத்தேன். இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர் என்பது ஒரு பெயர்தான். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாறும். 400 ஹெர்ட்ஸ் அருகே அது 8-ஐ ஒட்டி இருக்கும். கீழே, மூடிய கேபினெட்டில் 100 ஹெர்ட்ஸ் பக்கம், கூம்பு தானாகவே ஆட விரும்பும் இயல்பு அதிர்வெண் ஒன்று உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தட்டினால் போதும், உயர உயரப் போகுமே, அதுபோல அங்கே கூம்பு நன்றாக ஆடும். கூம்போடு ஒட்டி அப்படி ஆடும் கம்பிச்சுருளான காயில், காந்தத்துக்குள் தானே ஒரு ஜெனரேட்டராகி வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும். அதனால் அந்த இடத்தில் இம்பீடன்ஸ் பல மடங்கு மலைபோல் எழும். அப்புறம் ஓரிரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல், காயிலின் தூண்டல் தன்மையால் அது மறுபடி மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

ஹைஃபை ஆம்ப் இந்த மேடு பள்ளத்தைக் கண்டுகொள்ளாது. ஓம் என்னவானாலும் வோல்ட்டை மாற்றாமல் பிடித்துக்கொள்ளும். கிட்டார் ட்யூப் ஆம்ப் அப்படியில்லை. அதன் பவர் ட்யூப்கள் மின்னோட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. எனவே இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் வோல்ட்டும் ஏறும். ஸ்பீக்கரின் மலையும் சரிவும் அப்படியே ஒலியில் அடித்தளத் தடிமனாகவும் மேல்பகுதிக் கூர்மையாகவும் பதிகின்றன. கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும்போது வயிற்றில் இடிக்கும் அந்த 'தொம்', ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்த காரியம். ரெசிஸ்டருக்கு எல்லா ஸ்வரமும் 8 ஓம். அதனால்தான் தட்டை.

ரியாக்டிவ் லோட் என்று விற்பவை இந்த மலையையும் சரிவையும் போலியாகச் செய்து காட்டுபவை. உள்ளே ஒரு பெரிய காயிலும் கண்டென்சரும் பக்கவாட்டில் இணைந்து 100 ஹெர்ட்ஸ் மலையை எழுப்பும். தொடரில் வரும் இன்னொரு காயில் மேல்சரிவைத் தரும். ரெசிஸ்டர்கள் வெப்பத்தைத் தாங்கும். வெபர் மாஸ் என்ற சாதனத்தில் கூம்பு இல்லாத நிஜ ஸ்பீக்கர் மோட்டாரையே வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. வாங்கும்போது நான் முதலில் தேடுவது இம்பீடன்ஸ் வரைபடத்தைத்தான். இரண்டு முனையிலும் ஏறும் கோடு இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

இது பாதிக் கதை. லைன் அவுட்டை நேரே ஹெட்ஃபோனில் கேட்டால் ஈ மொய்ப்பதுபோல் ஒரு இரைச்சல் வரும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரேலென்று விழுந்துவிடும். நாம் கேட்டுப் பழகிய இனிமையில் அந்த வடிகட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் திருப்பித் தருவது ஐஆர் என்ற சிறிய கோப்பு. கோயில் மண்டபத்தில் ஒருமுறை கைதட்டினால், திரும்பி வரும் ஒலியில் அந்த மண்டபத்தின் குணம் முழுவதும் இருக்கும். அதேபோல் கேபினெட்டுக்கு ஒரு துடிப்பைக் கொடுத்து மைக் முன் அது பதில் சொல்லும் விதத்தைப் பதிந்துகொள்கிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 2,048 புள்ளிகள், சுமார் 43 மில்லி நொடி, அவ்வளவுதான். நாம் வாசிக்கும் ஒவ்வொரு துளியையும் அந்தப் பதிலோடு கணக்கிட்டுச் சேர்த்தால் கேபினெட் வந்து நிற்கும். யுனிவர்சல் ஆடியோ ஆக்ஸ் போன்ற லோட் பாக்ஸ்கள் கேபினெட்டின் ஒலியைத் தரும் வேலையைப் பெட்டிக்குள்ளேயே செய்கின்றன. கணினியில் வாசிப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை; எளிய லோட் பாக்ஸும் நல்ல ஐஆர் ஒன்றும் போதும். நான் அந்த வழியில்தான் போனேன்.

ஓம் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. டூ நோட்ஸ் கேப்டர் என்ற லோட் பாக்ஸ் 4, 8, 16 ஓம் எனத் தனித்தனியாக வருகிறது. ஆம்ப்பின் பின்னால் எந்தத் துளையில் செருகப்போகிறோமோ அந்த எண்ணுக்கே வாங்க வேண்டும். வாட்டில் தாராளமாக இருங்கள். 50 வாட் என்பது சுத்தமான ஒலிக்கான எண். முழுதாக முறுக்கினால் அலை சதுரமாகி, அதே உயரத்திலேயே இரு மடங்கு ஆற்றலைச் சுமக்கும். எனவே 50 வாட் ஆம்ப்புக்கு 100 வாட் பெட்டி. இணைப்புக்குத் தடித்த ஸ்பீக்கர் கேபிள். கிட்டார் கேபிளின் மெல்லிய நடுக்கம்பி இரண்டரை ஆம்பியருக்கானதல்ல. பெட்டிக்குத் தனி மின் இணைப்பு தேவையென்றால், கரண்ட் போனாலும் லோட் பகுதி அறுபடாமல் இருக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்வர்ட்டரில் ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க, வேறு பிளக்கில் பெட்டி அணைந்துபோகும் நிலை நம் வீடுகளில் வரக்கூடியதே.

அட்டெனுவேட்டர் வைத்து நிஜ ஸ்பீக்கரையே கிசுகிசுப்பாக வாசிக்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தம் குறையக் குறைய, மனிதக் காது அடித்தள ஒலியையும் உச்ச ஒலியையும் அதிகமாக இழக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது. பெட்டி எவ்வளவு நல்லதானாலும் அந்த இழப்பு இருக்கும். ஃப்ளாட்டில் ஹெட்ஃபோன்தான் நல்லது என்று நான் சொல்வது அதனால்தான். காதுக்குள் போதிய அளவில் கேட்கலாம், தளம் அதிராது.

ஆற்றல் எங்கும் போய்விடவில்லை, எல்லாம் வெப்பமாகிறது என்பதை மறக்கக்கூடாது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடும். இந்தப் பெட்டி அதைப்போல் இரண்டு மடங்கை விழுங்குகிறது. கடப்பா கல் அலமாரியில், நான்கு பக்கமும் ஒரு சாண் இடம்விட்டு, ஆம்ப்பின் மேலே இல்லாமல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீடு அமைதியாக இருந்தாலும் ட்யூப்கள் மேடையில் உழைக்கும் அளவுக்கே உழைக்கின்றன, அதே வேகத்தில் தேய்கின்றன. மே மாதத்தில் அறை ஏற்கெனவே 35 டிகிரியில் இருக்கும்போது, வால்யூமை ஆறுக்கு மேல் ஏற்றாமல் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு ஆம்ப்பை அணைத்துவிடுகிறேன்.