காக்காப்பொன் வாய் திறக்கும்போது

‘களிமண் என்பது பாறையை நைசாக அரைத்த மாவுதானே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி சரி. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களைத்தான் களி என்கிறோம். ஆனால் மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் கனிமத்தை எவ்வளவு அரைத்தாலும் களிமண்ணின் பிசுக்கு வராது. அது கனிமத்தின் குணம். கனிமமோ மழையிலும் வேர்கள் விடும் அமிலத்திலும் ஊறி, வேறொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது.

மைக்கா என்கிற காக்காப்பொன்னை எடுத்துக்கொள்வோம். ஏடு ஏடாக உரியும். ஏடுகளில் எதிர்மின்னூட்டம் உண்டு. இடையில் உள்ள குழிகளில் கோலிக்குண்டு போல உட்கார்ந்து அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது பொட்டாசியம் அயனி, அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் அணு. ஏட்டுக்கு ஏடு 1 நானோமீட்டர். அமில நீர் விளிம்பிலிருந்து பொட்டாசியத்தை உருவும்போது, கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைகின்றன. நனைந்த புத்தகம் மாதிரி ஓரம் பிரிந்து, இடைவெளி 1.4 நானோமீட்டர் ஆகிறது. இப்போது அது வெர்மிகுலைட் என்னும் களிக்கனிமம்.

சரி, கருப்பு மைக்காவான பயோடைட் பொட்டாசியத்தைச் சட்டென்று விட்டுவிடுகிறது. வெள்ளை மஸ்கோவைட் லேசில் விடுவதில்லை. ஏன்? எனக்கு அலுக்காத இடம் இதுதான். ஒவ்வொரு குழிக்கு அடியிலும் ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி இருக்கிறது. பயோடைட்டில் அதைச் சுற்றி உலோக அயனிகளுக்கான மூன்று இருக்கைகளிலும் இரும்போ மெக்னீசியமோ அமர்ந்திருப்பதால், ஹைட்ரஜன் எந்தப் பக்கமும் சாய வழியின்றி நேராக நிமிர்ந்து பொட்டாசியத்தை முட்டுகிறது. இரண்டும் நேர்மின்னூட்டம், விலக்கு விசை. மஸ்கோவைட்டில் மூன்றில் ஓர் இருக்கை காலி. ஹைட்ரஜன் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ள, பொட்டாசியம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஹைட்ரஜனின் சாய்வு, ஒரு கனிமத்தின் ஆயுளையே நீட்டிவிடுகிறது!

அப்புறம் நடப்பது எளிது. நீர் மேலும் அரித்துச் சிலிக்காவைக் கொண்டுபோகப் போக, 0.7 நானோமீட்டர் அடுக்குகள் கொண்ட கயோலினைட் என்னும் களிக்கனிமம் உருவாகும்; கடைசியில் சிலிக்காவே இல்லாத கிப்சைட். சத்து அயனிகளைப் பிடித்துவைக்கும் திறனில் கயோலினைட், வெர்மிகுலைட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. வெப்பமண்டலத்தின் பழைய செம்மண் பலவும் சத்தில்லாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

‘மைக்காவின் ஓரத்தை ஆராய்ந்து என்ன கிடைக்கும்?’ என்று கேட்பவர்கள் நிதிக் குழுக்களில் இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். பாதி பிரிந்த அந்த ஓரங்கள் சீசியம் அயனிக்கு அளவெடுத்துச் செய்த பொறி. போர்த்திய தண்ணீரைச் சுலபமாக உதறிவிட்டு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். 2011 அணுமின் நிலைய விபத்துக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமா வயல்களில் விழுந்த கதிரியக்கச் சீசியத்தில் பெரும்பகுதி மழையோடு ஆழத்துக்கு இறங்கவில்லை. மேல்மண்ணைச் சில சென்டிமீட்டர் சுரண்டியே அதை அகற்ற முடிந்தது.