எல்லாத் துறைக்கும் ஒரே ஆய்விதழ்: உங்கள் கட்டுரையைப் படிப்பது யார்?

பொருளடக்கத்தைத் திறந்தால் முதலில் குறுந்தொகையில் பாலைத்திணை. அடுத்தது நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டின் வலிமை. மூன்றாவது கோவை மாவட்டத் தனியார் வங்கி வாடிக்கையாளர்களின் மனநிறைவு, நான்காவது சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. அட்டையில் ‘பன்னாட்டுப் பல்துறை ஆய்விதழ்’. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட இதழ்களின் அழைப்பு அடிக்கடி வந்து விழும்: ‘48 மணி நேரத்தில் ஏற்பு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிச் சான்றிதழ்.’

பல துறைக் கட்டுரைகளைப் போடுகிறது என்பதற்காக மட்டும் ஓர் இதழை ஒதுக்கிவிட முடியாது. 1869இல் தொடங்கிய நேச்சர் பல துறை இதழ்தான். 1932 முதல் பெங்களூரிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸும், 2006இல் வந்த ப்ளோஸ் ஒன்னும் அப்படித்தான். ஆனால் அங்கே பூச்சியியல் கட்டுரை பூச்சியியல் தெரிந்த பதிப்பாசிரியரின் கைக்குப் போகும். அவர் வெளியிலிருந்து இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களைத் தேடிப்பிடிப்பார். பலர் மறுப்பார்கள், ஒப்புக்கொண்டவரும் தாமதிப்பார். மாதக்கணக்கில் ஆவது அதனால்தான். குறுந்தொகைக்கும் கான்கிரீட்டுக்கும் இரண்டே நாளில் ஏற்பு வருகிறதென்றால் இரண்டையும் யாரும் படிக்கவில்லை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ஆசிரியர் குழு. உங்கள் துறைக்காரர் அதில் இருக்கிறாரா? இருந்தால் அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், இந்த இதழின் பொறுப்பை அவரே குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடலாம். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. போலந்து ஆய்வாளர்கள் சிலர் ‘அன்னா ஓ. சுஸ்ட்’ என்று இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கி, 360 இதழ்களுக்குப் பதிப்பாசிரியர் பதவி கேட்டு விண்ணப்பித்தார்கள். ‘ஓசுஸ்ட்’ என்றால் போலிஷ் மொழியில் மோசடிக்காரர். 48 இதழ்கள் அவரை நியமித்தன. 2017இல் நேச்சரில் வெளியான கணக்கு இது.

அடுத்து ஐஎஸ்எஸ்என். இது தொடர் வெளியீடுகளை அடையாளம் காண உதவும் எண், தரச்சான்று அல்ல. எட்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. நேச்சரின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 82. அதைப் 11ஆல் வகுத்தால் மீதி 5. பதினொன்றில் ஐந்து போக 6, அதுதான் கடைசி இலக்கம். (10 வந்தால் எக்ஸ் எழுதுவார்கள், மீதியே இல்லையென்றால் 0.) இந்தக் கணக்கு உதைத்தால் எண் தவறு. ஒத்துவந்தாலும் வேலை முடியவில்லை. ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டி, இதழின் பெயர், பதிப்பாளர், நாடு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்வது பழைய தந்திரம்.

அதைவிட மோசமானது நகல் தளம். பழைய இதழ் ஒன்றின் பெயர், எண், அட்டை எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வேறொரு முகவரியில் கடை விரிப்பார்கள். கூகுளில் தேடினால் அதுவே முதலில் வரலாம். ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். அதில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2021உடன் நின்றிருந்தால் இன்று போடும் கட்டுரை ஸ்கோபஸில் ஏறாது, முகப்பில் அந்தச் சின்னம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. நகல் தளத்தில் வந்த கட்டுரைகளில் இரண்டு மூன்றின் தலைப்பைத் தரவுத்தளத்தில் தேடினாலே சாயம் வெளுத்துவிடும். டிஓஐ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) கொடுத்திருந்தால் டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள், அதே கட்டுரைக்குப் போக வேண்டும்.

‘இம்பேக்ட் ஃபேக்டர் 7.8’ என்றால் யார் கொடுத்தது என்று கேளுங்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்பதைக் காட்டும் எண் இது. பொதுவாக இந்தச் சொல் குறிப்பது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணை. அதை ஒத்த பெயரில் காசுக்கு எண் தரும் கடைகள் நிறைய.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் பெயரில்தான் குழப்பம் அதிகம். 2018 மே மாதத்தில் தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைக் குழு நீக்கியது. அந்தப் பழைய வரிசை எண்ணை இன்றும் முகப்பில் மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. பிறகு அதனிடத்தில் வந்த ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இப்போது ‘யு.ஜி.சி. கேர் அங்கீகாரம்’ என்று விளம்பரம் செய்பவர் காலாவதியான சீட்டைக் காட்டுகிறார். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியீடு கட்டாயமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம். ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். சீனியர் சொன்னது அவர் பதிவு செய்த ஆண்டின் விதியாக இருக்கும்.

கருத்தரங்கச் சிறப்பிதழ் தனிக் கதை. கல்லூரியில் ஒருநாள் கருத்தரங்கு, பதிவுக் கட்டணத்தோடு ‘இதழில் வெளியீடு’, நூறு கட்டுரை ஒரே மூட்டையாக. கருத்தரங்கில் வாசித்தது வாசித்ததுதான், அதில் தவறில்லை. மதிப்பாய்வாளர் குறிப்பு என்று ஒரு வரிகூட வராமல் அச்சானால், அதை மதிப்பாய்வு பெற்ற ஆய்விதழ்க் கட்டுரை என்று கணக்குக் காட்டுவதுதான் பின்னால் நேர்காணலில் இடிக்கும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாமல், பணமும் கட்டாமல் இருந்தால் இன்றே திரும்பப் பெறும் மின்னஞ்சல் அனுப்புங்கள். இணை ஆசிரியர்கள், நெறியாளர் எல்லோருக்கும் நகல் போகட்டும். கட்டுரை எண், அனுப்பிய தேதி, ‘கையெழுத்திடவில்லை, கட்டணம் செலுத்தவில்லை’ ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘திரும்பப் பெறக் கட்டணம்’ கேட்டு மிரட்டினால் கட்டாதீர்கள். பதிலே வராவிட்டால், அடுத்த இதழுக்கு அனுப்பும்போது நடந்ததை முகப்புக் கடிதத்தில் சொல்லி, மின்னஞ்சல் நகலையும் இணையுங்கள். மறைத்து அனுப்பி, பழைய தளம் கட்டுரையைச் சொல்லாமல் ஏற்றிவிட்டால் எழுத்துத் திருட்டைக் கண்டறியும் ஒப்புமை மென்பொருள் உங்களைத்தான் பிடிக்கும். வெளியாகிவிட்டது என்றால் அதையே தலைப்பு மாற்றி வேறு இதழுக்கு அனுப்ப வழியில்லை. புதிய தரவு, புதிய பகுப்பாய்வு சேர்த்து, முந்தைய வெளியீட்டைச் சுட்டி எழுதினால்தான் அது வேறு கட்டுரை.